கரண்ட் போனால் சர்வர் அறைக் கதவு திறந்துகொள்கிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம், ஒரு சின்ன கணக்கு அலுவலகத்தில் கணினி வேலை பார்க்கிறேன். சர்வர் அறையும் என் தலையில்தான்.

கதவில் இருப்பது காந்தப் பூட்டு. மின்சாரம் இருந்தால்தான் அது பிடிக்கும். தீ விபத்தில் உள்ளே இருப்பவர் வெளியேற வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். லோட் ஷெடிங் (முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது) காலத்தில் தினம் தினம் தீர்ந்து தீர்ந்து அதன் பேக்அப் பேட்டரி செத்துவிட்டது. போன வாரம் கரண்ட் போனதும் கதவு தானாகத் திறந்து நின்றது. அலாரமும் அதே பேட்டரியில் என்பதால் சத்தமே இல்லை!

மின்சாரம் போனாலும் வெளியிலிருந்து பூட்டியே இருக்கும், உள்ளிருந்து கைப்பிடியால் திறக்கலாம் என்கிற வகைப் பூட்டுக்கு மாறலாமா? டர்பனில் யாராவது போட்டிருக்கிறீர்களா? தீயணைப்புச் சோதனையில் சிக்கல் வந்ததா? லித்தியம் பேட்டரி போட்டால் பழைய சார்ஜர் ஒத்துக்கொள்ளுமா?

இன்னொன்று. ஃபால்ஸ் சீலிங் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். பக்கத்து அறைச் சுவர் அதற்கு மேல் போகவே இல்லை. ஏணி இருந்தால் போதும், பூட்டைத் தொடாமலே அந்த வழியாக உள்ளே இறங்கிவிடலாம். கம்பி வலை அடித்தால் போதுமா, சுவரை மேலே கான்கிரீட் வரை ஏற்றணுமா?

வாடிக்கையாளர்களின் வரிக் கணக்கெல்லாம் உள்ளே இருக்கிறது. போப்பியா எனும் இந்நாட்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு நியாயமான பாதுகாப்பு கேட்கிறது. முதலாளியோ "கேமரா இருக்கே தம்பி" என்கிறார். கேமரா திருடனைப் படம்தானே பிடிக்கும்? அவருக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.