கோட்டாறு யார்டில் மீட்டர் கேஜ் வண்டியா? யாரிடம் கதை விடுகிறீர்கள்!

கோட்டாறு கீமேன்:
நேற்று ராத்திரி தக்கலைத் தம்பி ஒரு பதிவு போட்டிருந்தார். கேபிள் போடும் பழைய ரயில் ஒன்று, அதுவும் ஒரு மீட்டர் இடைவெளித் தண்டவாளத்தில் ஓடும் மீட்டர் கேஜ் வண்டி, நம் கோட்டாறில் இருக்கும் நாகர்கோவில் ஜங்ஷனில் நின்றதாம். அதை காஸ் கட்டரால் துண்டு போட்டு ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்கு, விற்றுவிட்டார்களாம். மியூசியத்தில் நிற்க வேண்டியதாம். அதற்குக் கீழே ஒரு கூட்டமே கண்ணீர் வடித்திருக்கிறது. எனக்குக் காலையில் புட்டு இறங்கவில்லை.

குமரி மாவட்டத்துக்கு மீட்டர் கேஜ் பாதை வந்ததே கிடையாது. 1979-ல் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குப் போட்டது அகலப்பாதை. 1981-ல் திருநெல்வேலியோடு இணைத்ததும் அகலப்பாதை. அப்புறம் இந்த வண்டி எப்படி வந்தது? அனுமார் சஞ்சீவி மலையைக் கொண்டுவந்தபோது மருந்துவாழ்மலையோடு கூடவே விழுந்ததா?

தக்கலைத் தம்பி:
அண்ணாச்சி, நான் கண்ணால் பார்த்தேன். கோட்டாறில் பெரியம்மை வீட்டில் தங்கிப் படித்த காலம். தட்டையான நாலு வேகன், மேலே ஆள் உயரத்துக்கு டிரம், கடைசியில் மஞ்சள் பெயிண்ட் உதிர்ந்த ஒரு பெட்டி. இரண்டு சக்கரத்துக்கு நடுவே வேப்பங்கன்று முளைத்து இடுப்பளவு வளர்ந்திருந்தது. பெட்டி ஜன்னலில் யாரோ காயப்போட்ட நீலக் கைலி மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து, அங்கேயே நைந்துபோய்க் கிடந்தது. முழுப்பரீட்சை லீவு முடிந்து வந்து பார்த்தால் வண்டியும் இல்லை, கன்றும் இல்லை. ஜல்லி மேல் உருகி வழிந்த இரும்புக் கட்டிதான் கிடந்தது.

சக்கரம் சின்னது. சாதாரண ரயில் சக்கரத்தை விடச் சின்னது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கோட்டாறு கீமேன்:
சக்கரம் சின்னதாக இருந்தால் கேஜும் சின்னதா? மக்கா, 33 வருஷம் ஸ்பேனரும் சுத்தியலுமாக இந்த லைனில் நடந்தவன் நான். கன்டெய்னர் ஏற்றுகிற பி.எல்.சி வேகனுக்கு சக்கர விட்டம் 840 மில்லிமீட்டர். மற்றப் பெரும்பாலான வேகனுக்கு 1000. இரண்டும் ஓடுவது ஒரே 1676 மில்லிமீட்டர் அகலப் பாதையில்தான்.

தக்கலைத் தம்பி:
1000 மில்லிமீட்டர் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அது ஒரு மீட்டர்தானே?

கோட்டாறு கீமேன்:
அது சக்கரத்தின் விட்டம்! தண்டவாள இடைவெளி அல்ல! வட்டத்துக்கும் கோட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவனை எந்தப் பெரியம்மை படிக்க வைத்தாள்?

தக்கலைத் தம்பி:
பெரியம்மையை இழுக்க வேண்டாம்.

குழித்துறை டீச்சர்:
ஒரு சின்னக் கேள்வி. கேபிள் வண்டி என்று எதைச் சொல்கிறீர்கள்? மேலே மின்கம்பி இழுக்கிற வண்டியா, கீழே சிக்னல் கேபிள் போடுகிற வண்டியா? இரண்டும் வேறு வேறு இல்லையா? முதலில் அதை முடிவு செய்துகொண்டு சண்டை போடலாமே.

ஆரல் காற்று:
டீச்சர், இங்கே கேள்விக்குப் பதில் கேட்பது காற்றடிக்கிற முப்பந்தலில் நின்று தீக்குச்சி கொளுத்துவது மாதிரி. அது கிடக்கட்டும். கீமேன் அண்ணாச்சி போன மாசம் ‘எங்கள் குழித்துறைத் தாமிரபரணிப் பாலம்’ என்று ஒரு படம் போட்டார். அது திருநெல்வேலித் தாமிரபரணிப் பாலம். இரண்டு ஆற்றுக்கும் ஒரே பேர் என்பதால் தப்பித்தார். அவர் இன்று கேஜ் பாடம் எடுக்கிறார்.

கோட்டாறு கீமேன்:
அந்தப் படம் மருமகன் அனுப்பியது. நூறு தடவை சொல்லியாயிற்று.

டீச்சர் கேட்டதற்கு வருகிறேன். தம்பி பார்த்தது மேலே மின்கம்பி இழுக்கிற ஒயரிங் டிரெயின். நம் பாதை மின்மயமானபோது வந்தது. ஒரு டிரம்மில் மின்சார இன்ஜின் தொட்டுக்கொண்டு ஓடுகிற கான்டாக்ட் ஒயர், 107 சதுர மில்லிமீட்டர் செம்பு. இன்னொரு டிரம்மில் அதைத் தாங்கி மேலே தொங்குகிற கேட்டனரி, 65 சதுர மில்லிமீட்டர் காட்மியம் செம்பு. இன்ஜின் ஆள் நடக்கிற வேகத்தில் இழுக்கும், மேடை போட்ட வேகனில் நிற்கிற பையன்கள் கம்பியைக் கம்பத்துக்குக் கம்பம் மாட்டிக்கொண்டே போவார்கள். தோவாளைக் காற்றில் அந்த மேடையில் நிற்பது லேசுப்பட்ட காரியமா? ஒருத்தன் தொப்பி பறந்து கொக்கியில் மாட்டி, அதை எடுக்க வண்டியை நிறுத்தினார்கள்.

கீழே போகிற சிக்னல் கேபிளுக்கு இங்கே ரயிலே வரவில்லை. டிரம்மைத் தண்டவாளத்து ஓரம் இறக்கி, ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, இருபது பேர் தோளில் போட்டு இழுத்து, ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழப் பள்ளத்தில் போட்டார்கள். 25,000 வோல்ட் லைன் மேலே வந்தால் பக்கத்துத் தந்திக் கம்பியில் தூண்டு மின்சாரம் ஏறும். அதனால் பழைய தந்திக் கம்பி எல்லாம் மண்ணுக்குள் போயிற்று.

ஆகவே மீட்டர் கேஜ் இல்லை.

வள்ளியூர் வண்டி:
அந்த ‘ஆகவே’ எங்கிருந்து வந்தது? அண்ணாச்சிக்கு ஒரு விஷயம். மீட்டர் கேஜ் பெட்டியை அகலப்பாதை வேகன் மேல் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவது அந்தக் காலத்தில் சர்வசாதாரணம். திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டைக்கும் திருச்செந்தூருக்கும் மீட்டர் கேஜ்தானே ஓடியது? அதில் ஒன்றை ஏற்றிக்கொண்டு நாகர்கோவில் வரக்கூடாது என்று சட்டமா?

தக்கலைத் தம்பி:
அப்படிக் கேளுங்கள்!

கோட்டாறு கீமேன்:
ஏற்றினால் திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்புக்குப் போகும். கோட்டாறுக்கு எதற்கு வரவேண்டும், நுங்கு குடிக்கவா? அதுவும் தம்பி சொல்வது நாலு வேகன், ஒரு பெட்டி. ஐந்தையும் இன்னொரு ஐந்தின் மேல் ஏற்றி வைத்து, நடுவில் வேப்பமரமும் வளர்த்தார்களா? வேர் எங்கே போயிற்று?

வள்ளியூர் வண்டி:
எல்லாம் திருவனந்தபுரம் ரயில்வே கோட்டத்தின் கீழ் கிடப்பதால் வருகிற வினை. மதுரைக் கோட்டத்தில் நம்மைச் சேர்த்திருந்தால் பழைய வண்டிக்கு ஒரு கணக்காவது இருக்கும்.

குழித்துறை டீச்சர்:
இதிலும் கோட்டமா? குழித்துறையிலிருந்து மதுரைக்குப் போய் மனுக் கொடுக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்று யோசித்தீர்களா? எங்களுக்குத் திருவனந்தபுரம் ஒரு மணி நேரம் சொச்சம்.

வள்ளியூர் வண்டி:
டீச்சர் மலையாளச் சாயல் என்று அன்றே நினைத்தேன்.

குழித்துறை டீச்சர்:
இந்த மாவட்டத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய குடும்பத்தில் பிறந்தவள் நான். 1956 என்றால் என்ன என்று போய்ப் படித்துவிட்டு வாருங்கள்.

கோட்டாறு கீமேன்:
சண்டையை நிறுத்துங்கள், நான் இன்னும் முடிக்கவில்லை. வெட்டியது உண்மை. ஆனால் வெட்டியது ஒயரிங் வண்டியை அல்ல. வேலை முடிந்ததும் அந்த வேகன்கள் அடுத்த செக்‌ஷனுக்குப் போய்விட்டன. கடைசியில் நின்ற மஞ்சள் பெட்டி, அதுதான் வெட்டுப்பட்டது. அது ஒரு காலத்தில் பயணிகள் பெட்டி. சென்னை ஐ.சி.எஃப் ஆலையில் செய்த பெட்டிக்கு ஆயுள் 25 வருஷம். அதற்குப் பிறகு சிலதை ஜன்னல் அடைத்துக் கார் ஏற்றும் என்.எம்.ஜி சரக்கு வண்டி ஆக்குவார்கள், சிலதில் பாதை பராமரிக்கிற மெஷின்காரர்கள் குடியிருப்பார்கள். உள்ளே கட்டில், ஸ்டவ், கருவாட்டு வாசம். அதுவும் தேய்ந்தால் ஏலம். சக்கரத்தைக் கழற்றித் தனியாக எடுத்துவிட்டு மிச்சத்தை லாட் போட்டு விற்பார்கள். எடுத்தவன் ஆள் கொண்டுவந்து, ரயில்வே பாதுகாப்புப் படையான ஆர்.பி.எஃப் முன்னால் வெட்டி, எடை போட்டு லாரியில் ஏற்றுவான்.

இதில் துரோகம் எங்கே? ஜல்லியை இறுக்குகிற டேம்பிங் மெஷின் வருவதற்கு முன்னால் நாங்கள் பீட்டர் என்கிற இடிகருவியைப் பிடித்து ஜல்லியைச் சிலீப்பருக்கு அடியில் இடித்து இறக்கினோம். எட்டுப் பேர், ஒரே தாளம். என் இடது தோள் இன்றைக்கும் தலைக்கு மேல் தூக்க வராது. அந்தத் தோளுக்கு யாராவது மியூசியம் கேட்டீர்களா? இரும்புக்கு மட்டும் அழுகிறீர்கள்.

தக்கலைத் தம்பி:
தோளை நான் மதிக்கிறேன் அண்ணாச்சி. திருச்சியிலும், பெரம்பூர் ஐ.சி.எஃப் பக்கத்திலும் மியூசியம் இருக்கிறது. அங்கெல்லாம் நிற்பது நீராவி இன்ஜினும் பளபளக்கும் பெட்டியும். பாதையைப் பராமரித்த வண்டிக்கு அங்கே எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார்கள்? நான் கேட்டது அதுதான். உங்கள் தோளுக்காகத்தான் கேட்டேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அது மீட்டர் கேஜ்தான்.

கோட்டாறு கீமேன்:
எலேய்! இவ்வளவு நேரம் நான் யாரிடம் பேசினேன்?

ஆரல் காற்று:
எனக்கு அந்த வண்டி எந்த கேஜ் என்பது முக்கியமில்லை. அதை வெட்ட வந்த ஒரு கண்டிராக்டரின் ஆட்கள் பன்னிரண்டு நாள் என் மச்சான் கடையில் டீயும் பழம்பொரியும் தின்றார்கள். லாரி போன அன்றைக்கு ஆளையே காணோம். கணக்கு நோட்டு இன்றும் கல்லாவில் இருக்கிறது. அந்த நோட்டை மியூசியத்தில் வையுங்கள்.

குழித்துறை டீச்சர்:
அந்த நோட்டில் தேதி இருக்குமே! எந்த வருஷம் என்று பார்த்துச் சொன்னால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

ஆரல் காற்று:
தேதி இல்லை. ‘ரயில் வெட்டுகாரன், டீ 9, பொரி 6’ என்றுதான் இருக்கிறது.

தக்கலைத் தம்பி:
பார்த்தீர்களா, ரயில் என்று எழுதியிருக்கிறார்! ‘பெட்டி வெட்டுகாரன்’ என்று எழுதவில்லை. முழு வண்டியையும்தான் வெட்டியிருக்கிறார்கள்.

கோட்டாறு கீமேன்:
டீக்கடை நோட்டு இப்போது ரயில்வே ஆவணம். சரி, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஸ்டேஷன் வாசலுக்கு வா. டேப் நான் கொண்டுவருகிறேன். 1676 வருகிறதா, 1000 வருகிறதா என்று உன் கையாலேயே அள.

தக்கலைத் தம்பி:
தண்டவாளத்தை அளந்து என்ன பயன்? நான் சொன்னது வண்டியை. அதைத்தான் விற்றுவிட்டீர்களே.

கோட்டாறு கீமேன்:
நான் விற்றேனா?!

வள்ளியூர் வண்டி:
ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன். எந்த வாசல்?