டைவர்சிட்டி டிரெய்னிங்: பலன் உண்டா, வெறும் சடங்கா?

ஓசூர்_மெஷினிஸ்ட்:
எல்லாத் தரப்பினரையும் சமமாக நடத்தப் பழகுங்கள் என்று எங்கள் கம்பெனியில் மூன்று மணி நேரம் உட்காரவைத்தார்கள். முடிவில் பத்துக் கேள்வி, கையில் ஒரு சான்றிதழ். ஷாப்ஃப்ளோர் சூப்பர்வைசர் ஒருத்தர்கூட வரவில்லை, ஷிப்ட் இருந்ததாம். ஆட்களைத் தினமும் வேலை வாங்குவது அவர்கள்தானே? அமெரிக்காவில் பிலடெல்பியா ஸ்டார்பக்ஸ் காபிக் கடையில், எதுவும் வாங்காமல் ஒருவருக்காகக் காத்திருந்த இரண்டு கறுப்பின இளைஞர்களை போலீஸ் பிடித்துப்போனது. அதற்காக 2018 மே 29 மதியம் சுமார் 8,000 கடைகளைப் பூட்டிவிட்டு ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு மதியத்தில் மனசு மாறுமா?

கோவை_எச்ஆர்:
மாறாது. ஆனால் அந்தப் பயிற்சிக்குச் சில நாள் முன்பு அவர்கள் விதியையும் மாற்றினார்கள். எதுவும் வாங்காதவர்களும் உட்காரலாம், கழிப்பறைக்குப் போகலாம் என்றார்கள். யாரை எழுப்பிவிடுவது என்று மேனேஜர் ஆள் பார்த்து முடிவு செய்யும் வேலையே இல்லாமல் போனது. விதியும் பயிற்சியும் சேர்ந்துதான் வரவேண்டும்.

ஓசூர்_மெஷினிஸ்ட்:
அந்த விதியை 2025 ஜனவரியில் திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டார்களே மேடம்! சமூகவியல் ஆய்வாளர்கள் ஃபிராங்க் டாபினும் அலெக்ஸாண்ட்ரா கலெவும் 2016இல் எழுதிய கட்டுரையைப் பாருங்கள். கட்டாயப் பயிற்சி நடத்திய அமெரிக்க நிறுவனங்களில், ஐந்து வருடம் கழித்து மேலாளர் பதவியில் கறுப்பினப் பெண்களின் பங்கு குறைந்திருந்தது. கட்டாயப்படுத்தினால் ஆள் முறுக்கிக்கொள்வான்.

கோவை_எச்ஆர்:
அதே கட்டுரையில் விருப்பத்தோடு வந்தவர்களுக்கு நடத்திய பயிற்சி பலன் தந்ததாகவும் இருக்கிறது. மூத்தவர் ஒருவரை வழிகாட்டியாகப் போட்டதும் உதவியிருக்கிறது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

மௌனமொழி:
எனக்குக் காது கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வேன். மீட்டிங்கில் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசுவார்கள், நான் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சைகை மொழி ஆசிரியர் ஒருவரை அழைத்து எங்கள் டீமுக்கு மட்டும் ஒரு வகுப்பு வைத்தார்கள். முகம் பார்த்துப் பேசு, ஒரு நேரத்தில் ஒருவர் பேசு, முடிவானதை சாட்டில் எழுது. அவ்வளவுதான் பாடம். இப்போது டீம் லீட் மார்க்கரைக் கீழே வைத்து, என் பக்கம் திரும்பிய பிறகே வாயைத் திறக்கிறார். இதைச் சடங்கு என்று சொல்லாதீர்கள் அண்ணா.

ஓசூர்_மெஷினிஸ்ட்:
உங்களுக்கு நடந்ததை நான் மறுக்கவில்லை தம்பி. ஆனால் 2017இல் கொச்சி மெட்ரோ திருநங்கைகளை வேலைக்கு எடுத்தது, நாடே பாராட்டியது. கொஞ்ச நாளிலேயே எட்டுப் பேர் நின்றுவிட்டார்கள். யாரும் வீடு கொடுக்கவில்லை, வாங்குகிற சம்பளம் லாட்ஜ் வாடகைக்குப் போதவில்லை. ஆபீசுக்குள் என்ன வகுப்பு எடுத்திருந்தாலும் இதற்கு என்ன செய்திருக்க முடியும்?

கோவை_எச்ஆர்:
வீட்டுக்காரருக்கு வகுப்பு எடுக்க முடியாதுதான். ஆனால் வேலைக்கு எடுப்பவருக்கு எடுக்கலாமே? ஆஃபர் லெட்டரோடு தங்குமிடத்தையும் விசாரி என்று அவருக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். நம் 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் ஊழியர்களுக்கு விழிப்புணர்வுப் பயிலரங்கு நடத்தச் சொல்வதோடு நிற்கவில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் புகாரை விசாரிக்க உள்குழு வை என்கிறது. வகுப்பில் கேட்டதை நம்பி ஒரு பெண் புகார் கொடுக்க வந்தால் அதை வாங்க ஆள் இருக்கவேண்டும் இல்லையா?

ஓசூர்_மெஷினிஸ்ட்:
சரி. ஆனால் சூப்பர்வைசரைக் கூப்பிட மெஷினை நிறுத்தச் சொன்னால் எந்த நிர்வாகம் ஒத்துக்கொள்ளும்?

கோவை_எச்ஆர்:
நிறுத்தவேண்டாம். ஷிப்ட் மாறுகிற நேரத்தில் ஒரு மணி நேரம், அதற்கு ஓவர்டைம் சம்பளம். உங்கள் யூனியன் வழியாக எழுதிக் கொடுங்கள், மனுவை எழுத நான் உதவுகிறேன்.