முழு இரவு ஜெபத்திற்கு வராதவர் விசுவாசத்தில் குறைந்தவரா?

சூரைச்செடி எழுதியது:

எங்கள் சபையில் மாதத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தொடங்கும் ஜெபம் விடியற்காலை நான்கு மணிக்குத்தான் முடியும். மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டுவரும் என் தங்கை, இரவில் கண்விழிக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், சென்ற முறை போகவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவளிடம் மூத்த சகோதரி ஒருவர், "மாத்திரை போட்டுத் தூங்குகிற நேரத்தில் முழங்காலில் நின்றிருந்தால் அந்த மாத்திரையே வேண்டியிருக்காதே" என்றார். அன்றிலிருந்து அவள் ஞாயிற்றுக்கிழமையும் கோவிலுக்கு வருவதில்லை.

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை நாம் எல்லோரும் வாசித்திருக்கிறோம். அரசி யேசபேலுக்குப் பயந்து ஓடிய தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறான். அப்படிக் கேட்டவனைத் தேவன் கண்டிக்கவில்லை, ஜெபிக்கச் சொல்லவும் இல்லை. அவன் தூங்குகிறான், தூதன் தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுக்கிறான், அவன் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறான், அதையும் தூதன் தடுக்கவில்லை. "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி வருவது இவையெல்லாம் முடிந்து, ஓரேப் மலையை அடைந்த பிறகுதான். தேவன் கடைப்பிடித்த இந்த வரிசையை நாம் ஏன் தலைகீழாக்குகிறோம்?

சாமக்காவலன் எழுதியது:

சகோதரரே, உங்கள் தங்கையிடம் அப்படிப் பேசியது தவறு. அதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் ஒருவர் நாக்கு தவறியதற்காக முழு இரவு ஜெபத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். பன்னிரண்டு பேரைத் தெரிந்தெடுப்பதற்கு முந்தைய இரவு முழுவதும் ஆண்டவர் மலையில் ஜெபித்துக்கொண்டிருந்தார் என்று லூக்கா 6:12 சொல்கிறது. சிலுவைக்கு முந்தைய இரவில் கெத்செமனே தோட்டத்தில், "ஒரு மணி நேரமாவது" விழித்திருக்கக்கூடாதா என்று அவர் கேட்டபோது சீஷர்களும் களைத்துத்தான் இருந்தார்கள். பவுல் தன் பாடுகளைச் சொல்லும்போது கண்விழிப்புகளையும் உபவாசங்களையும் சேர்த்தே சொல்கிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல வருடங்களாக இந்த ஜெபத்தை நடத்துகிறவன் என்ற முறையில், அங்கே வருகிறவர்கள் யார் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் வாய்விட்டு அழ ஓர் இடமில்லாத பெண்கள், குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் மணிக்கணக்காக அழுவார்கள். இரண்டு மணிக்குச் சுக்குக்காப்பி வரும்போது அவர்களுடைய முகம் வேறு முகமாக இருக்கும். மன ஆறுதல் என்பது அவர்களுக்கு அந்த இரவில்தான் கிடைக்கிறது.

இரவுப்பணிச்செவிலி எழுதியது:

ஐயா சொல்லும் அந்த மூலையை நானும் அறிவேன். நானும் அங்கே அழுதிருக்கிறேன். ஆனால் மனநலப் பிரிவில் பணிபுரிகிறவள் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. இருமுனைக் கோளாறு (bipolar) உள்ளவர்களுக்கு ஒரேயோர் இரவுத் தூக்கம் கெட்டாலும், மனம் அளவுமீறிப் பொங்கும் மிகையெழுச்சி நிலை (mania) தொடங்கிவிடக்கூடும். அந்த நிலையில் ஒருவர் ஓயாமல் பேசுவதையும், தூக்கமே தேவையில்லை என்று சொல்வதையும் ஆவியின் நிறைவு என்று எண்ணிக்கொள்பவர்கள் நம் நடுவில் உண்டு. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேரமாவது உறக்கம் வேண்டும் என்பது மருத்துவத்தின் பொதுவான பரிந்துரை.

விழிப்பு ஜெபத்தை உயிராகக் கொண்டிருந்த துறவிகளே தூக்கத்திற்குக் கணக்கு வைத்திருந்தார்கள். 6-ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற துறவி மடங்களுக்காக எழுதிய ஒழுங்குமுறையின் 8-ஆம் அதிகாரம், குளிர்காலத்தில் துறவிகள் பாதி இரவுக்குச் சற்று அதிகமாகவே தூங்கி, உண்டது செரித்த பிறகு இரவு ஜெபத்திற்கு எழ வேண்டும் என்கிறது. துரோவா பட்டணத்தில் பவுல் நடுராத்திரி வரைக்கும் பிரசங்கித்தபோது தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த ஐத்திகு என்ற வாலிபனை யாரும் மறந்துவிட வேண்டாம்.

சாமக்காவலன் எழுதியது:

மறக்கவில்லை, சகோதரி. ஐத்திகு உயிரோடு எழுந்த பிறகு பவுல் மேலே ஏறிப்போய், அப்பம் பிட்டு, விடியற்காலம் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தார் என்பதையும் அதே அதிகாரத்தில்தான் வாசிக்கிறேன்! எலியாவும் அந்த அடையைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை; அதன் பலத்தில் நாற்பது நாள் இரவும் பகலும் நடந்தான். இளைப்பாறுதல் பயணத்திற்காகக் கொடுக்கப்பட்டது. "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்று சங்கீதம் 127:2 சொல்கிறது; விழித்து ஜெபிக்கிறவனுக்குக் கர்த்தர் நல்ல நித்திரையையும் தருவார்.

நாலாம்சாமம் எழுதியது:

இதுவரை வாசிக்க மட்டுமே செய்தேன். இந்த வசனத்தைக் கண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆறு வருடங்களாக எனக்குச் சரியான தூக்கமில்லை. இரு தரப்பாரும் கவனிக்க வேண்டும்: தூக்கம் பிரியமானவனுக்குத் தரப்படும் ஈவு என்றால், தூக்கம் வராத நான் யார்? "நீங்கள் கர்த்தரை நம்பினால் தூக்கம் தானாக வரும்" என்று அன்போடுதான் சொல்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டுப் படுக்கும் இரவில், தூங்கவில்லை என்ற கவலையோடு விசுவாசமில்லை என்ற குற்றவுணர்வும் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்கிறது. அந்த எபிரெய வரியை, பிரியமானவன் தூங்கும்போதே அவனுக்கு வேண்டியதைத் தருகிறார் என்றும் வாசிக்கலாம் என்று அறிஞர்கள் சொல்வது எனக்குச் சிறிது ஆறுதல். அதைவிடப் பெரிய ஆறுதல் ஆசாப் என்ற பாடகனின் 77-ஆம் சங்கீதம்: "நான் தூங்காதபடி என் கண்ணிமைகளைப் பிடித்திருக்கிறீர்." தூக்கமில்லாமையைத் தன் பாவத்தின் மேல் போடாமல், தேவனிடமே முறையிட்டவன் அவன்.

சூரைச்செடி எழுதியது:

நண்பரே, நீங்கள் சொன்னதை நான் யோசித்திருக்கவில்லை. தூக்கத்தைப் பக்தியின் அளவுகோலாக்கினால் நானும் அந்த மூத்த சகோதரியின் இடத்தில்தான் நிற்பேன். காவலன் ஐயாவுக்கு ஒரு கேள்வி மட்டும்: ஜெபம் நடக்கட்டும், வர முடியாதவர்களின் பெயரை மறுநாள் கேட்காமல் இருப்பீர்களா?

சாமக்காவலன் எழுதியது:

எங்கள் சபையில் வருகைப் பதிவேடு ஒன்று இருக்கிறது. அதைத் தொடங்கியவன் நான்தான். இந்த வெள்ளிக்கிழமை அது மேசைக்கு வராது. ஆனால் கண்விழிப்பு தேவையில்லை என்று மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதீர்கள். அதில் நான் உங்களோடு இல்லை. உங்கள் தங்கை சம்மதித்தால், நானும் என் மனைவியும் ஒரு சாயங்காலம் வந்து பார்க்கிறோம். எட்டு மணிக்குள் கிளம்பிவிடுவோம்.