கிளேஸுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கு முன் வேணும்

வெள்ளவத்தையிலிருந்து:
சனிக்கிழமை வகுப்பில் ரோம இடிபாடுகள் நிற்கும் நிலக்காட்சியை எண்ணெய் வர்ணத்தில் கீறப் பழக்குகிறேன். கைநூல் வெள்ளிக்கு அச்சுக்குப் போகவேணும். காய்ந்த சாம்பல் நிறக் கல்லின் மேல் பேர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வர்ணத்தை ஆளிவிதை எண்ணெயில் நன்றாக இளக்கி மெல்லிசாக இழுப்போமே, அடியிலுள்ள வெடிப்பும் நிழலும் அப்படியே தெரிய, கல் மட்டும் வெயிலில் பழுத்ததுபோல வரும், அதைத்தான் கேட்கிறேன். மெருகு என்றால் கடைசியில் அடிக்கும் வார்னிஷ் என்று பிள்ளைகள் நினைத்துவிடும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
பளிங்குப் பூச்சு. 'அடுத்தது காட்டும் பளிங்குபோல்' என்று குறளே (706) சொல்லிவிட்டது. அடியில் ஒற்றை நிறத்தில் போடும் முதற்படத்துக்கும் அலைய வேண்டாம், நெடுநல்வாடையில் 'புனையா ஓவியம்' இருக்கிறது.

தெஹிவளையிலிருந்து:
ஐயா, ரோமத் தூணே பளிங்குக்கல். பளிங்குத் தூணுக்குப் பளிங்குப் பூச்சு என்றால் பிள்ளை வெள்ளையை எடுத்துத் தடவும். தமிழ்த் தூய்மைதான் பிரச்சினை என்றால், பளிங்கே ஸ்படிகம் என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. புனையா ஓவியம் வெறும் கோட்டுப்படம், அடிப்படத்திலோ நிழலும் வெளிச்சமும் இருக்கிறதே. கிளேஸ் என்றே விடுங்கோ, கடையில் அப்படித்தான் கேட்க வேணும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
ஹூபேர் ரொபேர் என்ற பிரெஞ்சு ஓவியர் 1796இல், லூவரின் பெருங்கூடம் நன்றாக நிற்கும்போதே அது இடிந்து கிடப்பதாகக் கீறிவைத்தார். நீங்கள் தமிழுக்கு அந்த வேலையைப் பார்க்கிறீர்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து:
சண்டை வேண்டாம். ஒளி மேற்படலத்தைக் கடந்து அடிவர்ணத்தில் பட்டுத் திரும்புவதால்தானே அந்த நிறம் வருகிறது? ஊடொளிப் பூச்சு என்று வைப்போம். 'ஊடாக' இல்லாமல் இங்கே ஒரு செய்தியாவது வாசிக்க ஏலுமா?

தெஹிவளையிலிருந்து:
கிளேஸை விட நீளம். சரி, இருக்கட்டும்.

வெள்ளவத்தையிலிருந்து:
அப்போ ஊடொளிப் பூச்சு. முதல் தடவை மட்டும் பக்கத்தில் கிளேஸ் என்றும் போடுகிறேன். மேலே போகப்போக எண்ணெய் கூடவேணும், குறைந்தால் மேற்பூச்சு வெடிக்கும் என்ற விதியைச் சொல்ல எனக்குச் சொல் தட்டவில்லை, வசனமாகவே எழுதியாயிற்று. இனி, தூரத்து மலையில் புகார் தெரிய உலர்ந்த தூரிகையால் வெளிர்நிறத்தை லேசாகத் தேய்க்கிற ஸ்கம்பிளிங் ஒன்று மிச்சம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
ஊடொளி என்றால் எக்ஸ்ரே எடுக்கிற மாதிரி இருக்கிறது. பளிங்கை நான் விடவில்லை. மற்றதற்கு அகநானூற்றைப் பார்த்துவிட்டு நாளைக்கு எழுதுகிறேன்.