புதுப்பிப்பு: மோரிஸ் மைனரில் ஆர்பிஎம் முள் அசைந்துவிட்டது

தாத்தாவின் பழைய மோரிஸ் மைனர் காரில் புது ஆர்பிஎம் மீட்டர் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது) ஏன் வேலை செய்யவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். காரணம் இதுதான்: வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தது; மீட்டரோ நெகட்டிவ் எர்த், நெகட்டிவ் முனை பாடியோடு இணைந்த வண்டிக்கானது. நல்லவேளை, புகையவில்லை!

கும்பகோணத்தில் ஒரு வயதான எலக்ட்ரீஷியன் அண்ணன் வண்டியை நெகட்டிவ் எர்த்தாக்க, பேட்டரி ஒயர்களையும் இக்னிஷன் காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது) ஒயர்களையும் இடம் மாற்றிக் கொடுத்தார். பலர் மறப்பது டைனமோவை (பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஜெனரேட்டர்). அதன் எஃப் முனை ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு ஒயரை அங்கே ஒரு கணம் தொட்டு எடுக்க வேண்டும். இல்லையென்றால் பழைய துருவத்திலேயே சார்ஜ் ஏற்றும். பொறி பறந்ததும் நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன்.

மீட்டரின் சிக்னல் ஒயரைக் கொடுத்தது காயிலின் பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ஸ்விட்ச்) பக்கம். அப்புறமும் ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) 400தான் காட்டியது. பார்த்தால் மீட்டரில் சிலிண்டர் எண்ணிக்கைக்கான ஸ்விட்ச் 8இல் இருக்கிறது, இன்ஜினோ 4 சிலிண்டர்! 4க்குத் தள்ளினேன், 800. திருவையாறு வரை ஓட்டியாச்சு, முள் துள்ளவில்லை.