கழுத்து வலிக்கு எந்தப் பயிற்சி? – புதுப்பிப்பு

கழுத்து வலிக்கு நீட்சிப் பயிற்சி மட்டும் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, நீங்கள் சொன்னபடியே பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்தேன், இப்போது வலி நன்றாகவே குறைந்திருக்கிறது.

நீட்சி இறுக்கத்தைத் தளர்த்தும், சரி, ஆனால் பலவீனமான தசைக்கு அது பலம் தராது. எனக்கு அதிகம் உதவியது கழுத்தின் முன்பக்கம் ஆழத்தில் இருக்கும் தசைகளுக்கான பயிற்சிதான். மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல், 'ஆமாம்' என்று லேசாகத் தலையாட்டுவதுபோல் மோவாயை உள்ளே இழுத்து 10 நொடி வரை நிறுத்த வேண்டும். தொண்டையின் இருபக்கமும் தசை புடைத்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். பார்க்க ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும், செய்தால்தான் தெரியும்! அப்புறம் நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தலை அசையாமல் எதிர்த்து அழுத்துவது, ரப்பர் பட்டையை இழுத்துத் தோள்பட்டை எலும்பைச் சுற்றியுள்ள தசைகளை வலுவாக்குவது. இந்தத் தோள்பட்டைப் பயிற்சியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், கழுத்தோடு இணைந்த தசைகள் அங்கேதான் இருக்கின்றன.

கை மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்தாலோ, நடையில் தடுமாற்றம் இருந்தாலோ பயிற்சி எதையும் தொடங்காமல் முதலில் டாக்டரைப் பாருங்கள்.