புதுப்பிப்பு: வைட்டமின் டி 60,000 – எந்த டெஸ்ட், எப்போது?

ரத்தப் பரிசோதனை இல்லாமல் 60,000 யூனிட் வைட்டமின் டி தொடங்க வேண்டாம் என்று முன்பு எழுதியதன் தொடர்ச்சி இது. எந்த டெஸ்ட் என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு. கூடவே கால்சியம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் டெஸ்ட்) பாருங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். வழக்கமான கோர்ஸ் வாரம் ஒன்று, 8 வாரம். சீட்டில் இருக்கும் 'வாரம் ஒருமுறை' வீட்டில் 'தினம் ஒன்று' ஆகிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து. கொழுப்பில் தங்கும் வைட்டமின் என்பதால் நிறுத்தினாலும் அளவு சட்டென இறங்காது. வைட்டமின் டி அளவு மில்லிலிட்டருக்கு 150 நானோகிராமைத் தாண்டினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும் அபாயம் அதிகம். அதன் அறிகுறிகள்: அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி, மனக்குழப்பம். பெரியவர்களிடம் இதை 'வயசாயிடுச்சு' என்று தள்ளிவிடுகிறார்கள்.

வைட்டமின் பி12 வேறு கதை. அளவு மீறி விஷமாவது அரிது. ஆனால் ஊசி போட்டபின் டெஸ்ட் எடுத்தால் அளவு உயர்ந்தே காட்டும். முன்பு குறைபாடு இருந்ததா என்று தெரியாமலே போகும். பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் ஆசிட் மட்டும் போட்டால் ரத்தசோகை தேறும், நரம்புச் சேதம் சத்தமில்லாமல் தொடரும்.

முடிக்காக பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) எடுப்பவர்கள் தைராய்டு டெஸ்டுக்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்துங்கள். சில லேப் முறைகளில் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பொய்யாகக் குறைந்து காட்டும்.